பதினோரு மில்லிமீட்டர்

ஆறு வருடம் முன்பே கணக்கை முடித்துக்கொண்டு
கதவைச் சாத்திவிட்டுப் போனது.
ஜனவரி, விடிகாலை நாலு மணி,
உப்பு லாரியின் இருக்கையில்
திரும்பி வந்திருந்தது
ஒரு பென்னிக் காசு அகலத்தில்.

தக்காளிச் சாறு என்று சொல்லிக்கொண்டேன்.
நான் லாரியில் சாப்பிடுவதே இல்லை.
சொல்லிக்கொண்டே இன்னும் பதினாறு மைல்
உறைந்த சாலைக்கு உப்புத் தூவினேன்.

ஸ்கேன் எடுத்தவளுக்கு இருபத்தைந்து இருந்தால் அதிகம்.
கருவிக்கு உறை மாட்டி, ஜெல் தடவி,
"நீங்களே உள்ளே வைத்துக்கொள்கிறீர்களா?" என்றாள்.
மூன்று பிரசவத்தில்
ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி.

திரை அவள் பக்கம்.
நான் அவள் புருவத்தைப் பார்த்துக்கிடந்தேன்,
வடக்கு வானத்தைப் பார்க்கிற மாதிரி.
ஒரு புள்ளி வைத்தாள். இன்னொரு புள்ளி.
நடுவே கோடு.

பதினோரு மில்லிமீட்டர்.
நாலுக்குள் இருக்க வேண்டுமாம் கருப்பையின் உள்வரி.

தடிமன் எனக்குப் புதிதா?
சோறு போடுவதே அதுதான்.
ரெண்டு மில்லிமீட்டர் பனி என்றால் உப்பு போதும்.
பதினொன்று என்றால்
கலப்பையைப் பூட்டிக் கிளம்பு,
யாரையும் கேட்காதே.

இங்கே எல்லாரையும் கேட்க வேண்டியிருந்தது.
எல்லாரும் அந்த ஒரு சொல்லை
சாலைக் குழியைப்போலச் சுற்றிப் போனார்கள்.
"முன்னெச்சரிக்கைதான்" என்றார் டாக்டர்.
"எதுவாக இல்லை என்று பார்த்துவிடலாம்" என்றது கடிதம்.
மாக்னி ஒன்றும் சொல்லவில்லை.
நான் அறைக்குள் வந்தால் டேப்லெட்டை மூடுகிறான்;
கழுவிய தட்டையே மறுபடி கழுவுகிறான்.

அபர்டீனுக்கு இரவுக் கப்பல்.
"எங்கே ஓஸ்லா, இந்தக் காற்றில்?"
காபிக் கடை வரிசையில் லோவி கேட்டான்.
"பல்லுக்கு."
"பல்லுக்கா அபர்டீன்?"
"பெரிய பல்."
சிரித்தான். நானும் சிரித்தேன்.
அறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.
அலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரம் முன்பு ரெண்டு பாராசிட்டமால்.
லேசாகப் பிடித்து இழுக்கும் என்றிருந்தார்கள்.
லேசாக என்று எழுதியவருக்குக்
கருப்பை இல்லை என்று நினைக்கிறேன்.

நர்ஸ் டெலியா என் கையைப் பிடித்துக்கொண்டு
"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றாள்.
வாய் திறந்தால் கத்திவிடுவேன்.
அதனால் வழித்தடத்தைச் சொன்னேன்:
லெர்விக், டிங்வால்,
கேர்ல்ஸ்டா ஏரிக்கரை வளைவு, அங்கே வழுக்கும்,
பிறகு நீண்ட மேடு, ஆட்டுக்குட்டிகள் நிற்கும்,
மெதுவாக, மெதுவாக...
வோ வருவதற்குள்
கிள்ளி எடுத்துவிட்டார்கள் ஒரு துணுக்கை.
"பிரே வரைக்கும் போகலாமா?" என்றாள் டெலியா.
அப்போதுதான் அழுதேன்.

திரையில் பார்த்தேன் அதை.
மூன்று பேர் முறை வைத்துக் குடியிருந்த அறை.
இவ்வளவு சின்னதா?
ஒரு மூலையில் மட்டும் பாசி மாதிரி
ஏதோ அசைந்துகொண்டிருந்தது,
தண்ணீர் வந்ததில் சந்தோஷப்பட்டதுபோல.

"வந்தது வந்தீர்கள்,
எம்.ஆர்.ஐ.யும் எடுத்துவிடலாம்,
இன்னொரு முறை கப்பல் ஏற வேண்டாமே."
இது தீவுக்காரிக்குக் காட்டும் கருணையா,
அந்தப் பாசியைப் பார்த்துவிட்டுச் சொல்வதா?
மோதிரம் கழலவில்லை.
சோப்புப் போட்டு முறுக்கி எடுத்தேன்.
முப்பத்தொரு வருடத்து வெள்ளைத் தடம் விரலில்.
குழாய்க்குள் யாரோ
தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

எட்டாம் நாள். வேலைக்கு வந்துவிட்டேன்.
வீட்டில் தட்டுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.
கேர்ல்ஸ்டா வளைவு தாண்டி
போன் அடித்தது. அபர்டீன் எண்.
ஓரம் கட்டினேன்.
மஞ்சள் விளக்கு சுழலட்டும் என்று விட்டேன்.
பின்னால் ரொட்டி வண்டி வந்து நின்றது,
முந்த இடமில்லை.
ஹாரன் அடிக்கவில்லை அவன்.
கண்ணாடியில் பார்த்தேன்,
விளக்கைத் தாழ்த்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஓஸ்லா மோவட்தானே?" என்றது குரல்.
"பேச வசதியான இடத்தில் இருக்கிறீர்களா?"

சாலையைப் பார்த்தேன்.
தூவிய உப்பு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை.
"சொல்லுங்கள்" என்றேன்.